ஜீவனஹள்ளி வனஜாவும் தண்ணீர் போன வழியும்

காலையில் பேப்பர் வாசலில் வந்து விழுந்தால் வனஜாவுக்குச் சண்டைக்கு ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்பார். "சும்னே எழுதறான்" என்பார். "இவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்" என்பார். சில நாள் பாராட்டும் உண்டு: "பரவால்ல, இன்னிக்கு ஸ்வல்ப மூளை வேலை செஞ்சிருக்கு." சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் கணவர் ரங்கநாதன், யாரைச் சொல்கிறாய் என்று கேட்பதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஜீவனஹள்ளியில் மூன்று அறை வைத்த சொந்த வீடு. வனஜாவின் தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து, பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் குடியேறிய குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இரண்டும் கலந்த இங்கிலீஷ். பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னட மீடியம். தமிழை சினிமா போஸ்டரில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார், எழுதத் தெரியாது. எழுத வேண்டிய அவசியமும் அறுபது வயதை நெருங்கும்வரை வரவில்லை.

இருபத்திரண்டாவது வயதில் மாநில அரசின் வரைபட ஆபீஸ் ஒன்றில் ட்ரேசராகச் சேர்ந்தார். பழைய வரைபடத்தின் மேல் ஊடுருவித் தெரியும் துணியை விரித்து, கீழே இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் மயிரிழை பிசகாமல் கறுப்பு மையில் நகல் எடுக்கிற வேலை. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஏரி, வாய்க்கால், மதகு, மேடு, பள்ளம் எல்லாம் அவர் விரல் வழியாக ஒரு முறையாவது போயிருக்கும். நேரில் பார்த்தது அதில் பத்தில் ஒன்றுகூட இருக்காது. முப்பத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கை நடுங்கியதாக ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

பேப்பரோடு அவருக்குப் பகை மூண்டது 1991 டிசம்பரில். காவிரித் தகராறு வெடித்த அன்று மதியம் ஆபீஸில் இருந்தார். ஊர் எரிகிறது என்று போன் வந்தது. பக்கத்து மேஜை கௌரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீவு மனெகெ ஹோகபேடி, நம் மனெகெ பன்னி" என்று அவரை வீட்டுக்குப் போக விடாமல் மல்லேஸ்வரத்தில் இருந்த தன் வீட்டுக்கே நடத்தி அழைத்துப் போய்விட்டார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். வனஜா பேசும் கன்னடத்தில் யாரும் குற்றம் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனாலும் அவரை வாய் திறக்க விடாமல் கௌரம்மாவே எல்லாருக்கும் பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ரங்கநாதனும் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த மகள் சௌம்யாவும் பத்திரமாக இருந்தார்கள். தெருமுனையில் மதலைமுத்துவின் சைக்கிள் கடை மட்டும் கரிக்கட்டையாக நின்றது. மறுநாள் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். நகரின் கிழக்குப் பகுதியில் சில அசம்பாவிதங்கள், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று போட்டிருந்தது. வனஜா பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், கன்னடத்தில் எழுதினார்: 'மதலைமுத்துவின் கடை. பதினாலு சைக்கிள். அதில் எட்டு, கன்னடக்காரர்கள் ரிப்பேருக்கு விட்டவை.'

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பேப்பர் விட்டதை அவர் ஓரத்தில் எழுதுவார். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் நின்ற வருஷம், 'நான் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். குடிக்கவில்லை. என் மேல் கோபம் போலிருக்கிறது' என்று எழுதினார். வெங்காய விலை ஏறி ஆட்சிகள் ஆடியபோது, 'எங்கள் வீட்டில் பத்து நாளாக முட்டைக்கோஸ். ஆட்சி ஆடவில்லை, ரங்கநாதன்தான் ஆடுகிறார்.' இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பக்கம் பக்கமாக வந்த செய்திக்கு, 'எங்கள் ஆபீஸில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது ஏற்கெனவே நின்றுவிட்டது.' மாதம் ஒருமுறை பழைய பேப்பர்காரர் வந்து இந்த விமரிசனங்களை எல்லாம் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போவார்.

2004-இல் வனஜா ஓய்வு பெற்றார். அந்த வருஷக் கடைசியில் சௌம்யாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. போகும்போது தன் கம்ப்யூட்டரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள்.

"ஓரத்துல எழுதறத இதுல எழுதும்மா. நாலு பேராவது படிப்பாங்க" என்றாள்.

"கன்னடத்துலயா?"

"உன் இஷ்டம். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழாவே வரும், பாரு."

வனஜா யோசித்தார். பேப்பருக்குப் பதில் சொல்லக் கன்னடத்தில் பதிமூன்று வருஷம் எழுதியாயிற்று. பேப்பரை வைத்துக்கொண்டு ரங்கநாதனிடம் வாயாடியதெல்லாம் தமிழில்தானே, அதை அந்தப் பாஷையிலேயே எழுதினால் என்ன என்று தோன்றியது. 2005 ஜனவரியில் 'ஜீவனஹள்ளி வனஜா' என்ற வலைப்பதிவு பிறந்தது. முதல் பதிவு மூன்று வரி. அடித்து முடிக்க முக்கால் மணி நேரம்.

கன்னடத்தில் இல்லாத ழகரமும் றகரமும் அவரைப் படாத பாடு படுத்தின. மழை 'மளை' ஆனது. வாழைப்பழம் 'வாளைப்பளம்' ஆனது. 'முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வந்து எழுதுங்கள்' என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். வனஜா அசரவில்லை. 'கத்துக்கறேன். அதுக்குள்ள பேப்பர் பளசாயிடுமே' என்று பதில் போட்டார். அந்த 'பளசு'க்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: 'பழசு. சிறப்பு ழ. நீங்க எழுதுங்க வனஜாம்மா, பிழையை நான் பாத்துக்கறேன்.'

அவள் பெயர் தர்ஷினி. திருப்பத்தூர்க்காரி, தமிழ் வாத்தியார் மகள். ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை. அதாவது பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அன்றாடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வனஜாவின் பதிவுக்குக் கீழே ஒரு திருத்தப் பட்டியல் வந்துவிடும். நாலு மாதத்தில் பட்டியல் இரண்டு வரியாகச் சுருங்கியது. வாசகர்களோ முந்நூறைத் தாண்டினார்கள். சாம்பாரில் ஆரம்பித்துச் சட்டசபையில் முடிகிற அந்தப் பேச்சு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

ஜூலையில் மும்பை மூழ்கியது. ஒரே நாளில் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் மழை. வனஜா அன்று பேப்பரோடு சண்டை போடவில்லை. நேராகப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதினார்: 'வானத்தைத் திட்டுகிறார்கள். தண்ணீர் போகிற வழியில் வீட்டைக் கட்டியவர்களை யார் திட்டுவது? நம் ஊரிலும் வாய்க்கால் மேலே வீடு இருக்கிறது. நாள்தான் தெரியவில்லை.' அதற்கு வந்த பின்னூட்டங்களில் ஒன்று: 'பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே வெள்ளமாம். அம்மா காமெடி பண்றாங்க.' எழுதியவர் பெயர் போடவில்லை.

அக்டோபரில் பெங்களூரில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தது ஒரு வாரத்தில் விடாமல் பெய்வதாக மாறியது. ஏரிகள் நிரம்பி வழிந்து, புதுக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பேப்பரில் 'இயற்கையின் சீற்றம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அன்று மதியம் திருத்தப் பட்டியலுக்குப் பதில் ஒரே ஒரு வரி வந்தது: 'வனஜாம்மா, எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி.'

வனஜா மின்னஞ்சலில் விலாசம் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ரங்கநாதன் அடுக்கு கேரியரில் புளியோதரை கட்டினார். இரண்டு பேரும் சிவாஜிநகர் போய் பஸ் மாறினார்கள். ஓசூர் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போகிற சின்ன பஸ்ஸில் ஏறினார்கள். படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர், "மாரகெரெ, மாரகெரெ!" என்று கூவினார்.

வனஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க, கெரேன்னு பேர்லயே இருக்குதே."

"எல்லா ஊரும் இங்க அப்படித்தானே. அந்தக் கெரெ, இந்தக் கெரெ."

"பேர் சும்மா வராதுங்க. ஏரி இருந்தாத்தான் கெரேன்னு வெப்பாங்க. இந்த ஊர் மேப் ஷீட்ட நான் போட்டிருக்கேன்."

பஸ் ஒரு மேட்டில் ஏறி நின்றது. மேட்டின் உச்சியில் ஒரு கங்கம்மா கோயில், இரண்டு புளியமரம். இறங்கியதுமே வனஜாவுக்குப் புரிந்துவிட்டது: அது ரோடு போட்ட ஏரிக்கரை. கரையின் அந்தப் பக்கம், பள்ளத்துக்குள், மந்தாரா மெடோஸ் என்கிற குடியிருப்பு. ரோஜா நிறச் சுவர், வெள்ளை பால்கனி, நூற்றிருபது வீடு. கிண்ணத்துக்குள் எடுத்துவைத்த பலகாரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அங்கே வசித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். தினமும் அந்தக் கண்டக்டர் கூவுவதைக் கேட்டார்கள். கெரெ என்றால் ஏரி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தர்ஷினியின் வீடு தரைத்தளத்தில். சாப்பாட்டு மேஜை மேல் சோபா, சோபா மேல் அரிசி மூட்டை. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. அவள் கணவன் ஹரிஷ்குமார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

"மொதல் தடவ வர்றீங்க வனஜாம்மா, உக்கார ஒரு எடம் இல்ல" என்று தர்ஷினிக்கு அழுகை முட்டியது.

"நின்னுட்டே சாப்பிடலாம். புளியோதரைக்கு நாற்காலி எதுக்கு?"

மாடிப்படியில் நின்றபடி நாலு பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது முறை போட்டுக்கொண்ட பிறகு தர்ஷினிக்குத் தெம்பு வந்துவிட்டது. கணவனைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள். அவன் தலையைக் குனிந்தான்.

"சொல்லிடுங்க."

"அன்னிக்கு மூவாயிரம் அடின்னு எழுதினது நான்தாங்க" என்றான் ஹரிஷ்.

வனஜா சிரித்துவிட்டார். "அளவு சரிதான் தம்பி. மூவாயிரம் அடி ஒசரத்துல ஒரு பள்ளம் இருக்கக் கூடாதுன்னு சட்டமா? வாங்க, ஸ்வல்ப சுத்திப் பாத்துட்டு வரலாம்."

வடக்கு வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருந்தது. தெற்கே எட்டடி உயரத்துக்கு மதில் சுவர். சுவரில் தண்ணீர் நின்ற கறை மார்பளவுக்கு இருந்தது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஹரிஷ் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறான், எட்டிப் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் மேடையில் ஏறி அவனும் வனஜாவும் பார்த்தார்கள். சுவரை ஒட்டி, கோரைப்புல் மண்டி, பத்தடி அகலத்தில் ஒரு பள்ளம் நேராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை.

"ராஜகாலுவை" என்றார் வனஜா. "ஏரித் தண்ணி வழிஞ்சு அடுத்த ஏரிக்குப் போற பெரிய வாய்க்கால். அது உள்ளார எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறீங்க?" திரும்பிக் கை நீட்டினார். சுவருக்கு உள்ளே, அதே நேர்கோட்டில், நீச்சல் குளத்தோடு கூடிய கிளப் ஹவுஸ் நின்றது.

அன்று மாலையே பதிவு போட்டார். பேப்பர் சொன்ன சீற்றத்தைப் பற்றி ஒரு வரி, மேட்டைப் பற்றி, கங்கம்மாவைப் பற்றி, சுவரைப் பற்றி. ஞாபகத்திலிருந்து ஒரு படமும் வரைந்து சேர்த்தார். இரண்டே நாளில் இருநூறு பின்னூட்டம். ஏரிக்குள் வீடு வாங்கியவர்களுக்கு மூளை எங்கே போயிற்று என்று எழுதியவர்களும் அதில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிஷும் தர்ஷினியும் ஜீவனஹள்ளிக்கு வந்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது, ஹரிஷ் டம்ளரைத் தொடவில்லை.

"அந்தப் பதிவ எடுத்துடுங்கம்மா. அசோசியேஷன்ல எல்லாரும் எங்க மேல பாயறாங்க. ஏரிக்குள்ள இருக்குன்னு வெளில தெரிஞ்சா ஒருத்தனும் வீட்ட வாங்க மாட்டான். நாங்க இருபது வருஷம் லோன் கட்டணும்."

தர்ஷினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இதற்கு உடன்பட்டு வரவில்லை என்பது தெரிந்தது. பதிமூன்று வருஷம் வனஜா ஓரத்தில் எழுதியதெல்லாம் எடைக்குப் போனது; யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்போது எழுதியது ஒரு பையனின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அவன் பயம் பொய்யில்லை.

"பேர எடுத்துடறேன் தம்பி. மந்தாரா மெடோஸ்ங்கற பேரு இருக்காது. ஆனா தண்ணிய நான் எடுக்க முடியாது. அடுத்த அக்டோபர்லயும் மழை வரும். அப்ப டிவிக்காரங்க வருவாங்க, பேர அவங்க போடுவாங்க."

"அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"கட்டினவங்க வந்து பேசற மீட்டிங் என்னிக்கு?"

"வர்ற சனிக்கிழமை."

"நானும் வர்றேன். வீட்டுக்காரங்க விருந்தாளின்னு சொல்லிக்கோங்க."

ஹரிஷ் டம்ளரை எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தாலும் முழுசாகக் குடித்தான்.

ஞாபகத்தை நம்பி மீட்டிங்குக்குப் போக முடியாது என்று வனஜாவுக்குத் தெரியும். அந்த வாரம் பேப்பரில் தகவல் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது பற்றித் தினமும் கட்டுரை. வனஜாவுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. கிராம வரைபடத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், முன்பிருந்தே அப்படித்தான். எந்த ஷீட் என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். திங்கட்கிழமை தன் பழைய ஆபீஸுக்குப் போனார். கவுன்ட்டரில் புது ஆள். அந்த ஊர் மேப் இருக்கிறதா என்று தெரியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். வனஜா கோபப்படவில்லை. ஹோப்ளி என்கிற பிர்க்காவின் பெயர், கிராமம், எந்த அலமாரி, மேலிருந்து எத்தனையாவது தட்டு என்று கன்னடத்தில் சொன்னார். அந்த ஆள் எழுந்து உள்ளே போய், ஐந்து நிமிஷத்தில் சுருளோடு வந்தார். "நீங்க யாரு மேடம்?" என்று அப்போதுதான் கேட்டார்.

நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். மாரகெரெ ஏரி, கரை, மதகு, கரையிலிருந்து கிளம்பும் வாய்க்கால், எல்லாம் இருந்தன. ஒரு மைலுக்கு எட்டு அங்குலம் என்ற அளவு. மந்தாரா மெடோஸின் விளம்பரப் புத்தகத்தில் இருந்த பிளானைக் கட்டம் போட்டு, அதே அளவுக்குச் சுருக்கி, ட்ரேசிங் பேப்பரில் வரைய ஆரம்பித்தார். மூன்று நாள் ஆயிற்று. ரங்கநாதன் சாப்பாட்டுத் தட்டை மேஜை ஓரத்தில் வைக்கக்கூட அனுமதியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு, ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கையைப் பற்றி அவருக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. அன்றும் இல்லை.

மீட்டிங் கிளப் ஹவுஸிலேயே நடந்தது. சேற்று மணம் போகவில்லை. எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கட்டிய நிறுவனத்தின் சார்பில் ஓஸ்வால்ட் என்ற மேனேஜர் வந்திருந்தார். நல்ல உயரம், பணிவான பேச்சு. இது யாரும் எதிர்பார்க்காத மழை, இரண்டு பெரிய மோட்டார் பம்பு வாங்கிக் கொடுக்கிறோம், சுவரை இன்னும் இரண்டடி உயர்த்துகிறோம் என்றார். சிலர் கை தட்டக்கூடத் தயாரானார்கள்.

"சுவர ஒசத்தினா தண்ணியும் ஒசருமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வனஜா எழுந்து முன்னால் வந்தார். ஹரிஷ் ஓடிப்போய் ஒரு மேஜையை இழுத்துப் போட்டான்.

வனஜா கிராம வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் டீ கப்பை வைத்தார். அதன் மேல் ட்ரேசிங் பேப்பரை மெல்லப் பொருத்தினார். வீடுகள் எல்லாம் ஏரியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தன. வாய்க்காலின் இரண்டு கோடுகளும் நேராக வந்து கிளப் ஹவுஸுக்குள் நுழைந்து, தெற்குச் சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியே போயின. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் வீடு எது என்று விரலால் தேடினார்.

ஓஸ்வால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "மேடம், இது ரொம்பப் பழைய மேப். அந்தக் கால்வாயில முப்பது வருஷமாத் தண்ணியே வரல."

"வந்துச்சே, போன வாரம்."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. "சரி. இந்த மேப் கரெக்ட்னு யார் சொல்றது?"

வனஜா வரைபடத்தின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். நகல் எடுத்தவர் என்ற இடத்தில், பொடி எழுத்தில், ஆர்.வி. என்று இரண்டு எழுத்து; பக்கத்தில் 1974.

"நான்தான்" என்றார். "ரங்கநாதன் வனஜா. முப்பத்தொரு வருஷம் முந்தி போட்டேன். இதுல ஒரு கோடு தப்புன்னு காட்டுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்."

யாரும் காட்டவில்லை. தர்ஷினி கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பேரை மறைப்பதா, வழியைத் திறப்பதா என்று அசோசியேஷனில் மூன்று கூட்டம் சண்டை நடந்தது. ஹரிஷ்தான் முதலில் எழுந்து, "மறைச்சா விலையும் நிக்கும், தண்ணியும் நிக்கும். தெறந்தா ரெண்டும் எறங்கும். ரெண்டுல எது வேணும்?" என்று கேட்டான். மனு எழுதினார்கள். வரைபடத்தின் நகலை இணைத்து வார்டு ஆபீஸுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினார்கள். ஆறு மாதம் இழுத்தது. கிளப் ஹவுஸை இடிக்க நிறுவனம் சம்மதிக்கவில்லை. அந்த வழக்கு பல வருஷம் ஓடியது. ஆனால் 2006 மே மாதம் தெற்குச் சுவரில் இரண்டு இடத்தில் பத்தடிக்கு இடித்து இரும்புக் கம்பி வைத்தார்கள். நீச்சல் குளத்தை மூடி, அதன் ஓரமாக வாய்க்காலைத் திருப்பி, வெளியே இருந்த பழைய பள்ளத்தோடு சேர்த்தார்கள்.

அப்போது ஒரு பேப்பர் நிருபர் போன் செய்தார். வனஜா அரை மணி நேரம் ஷீட், அளவு, வாய்க்கால் என்று விளக்கினார். மறுநாள் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது: 'இல்லத்தரசி ஒருவரின் முயற்சியால் குடியிருப்புக்கு விடிவு.' ரங்கநாதன் கரண்டியோடு வந்து படித்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இல்லத்துல அரசி நீ, சரி. சமைக்கறது யாருன்னு போடலியே."

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்னு மூணு தடவ சொன்னேங்க அவன்கிட்ட!" வனஜாவுக்கு நிஜமாகவே கோபம். அன்றைய பதிவு அதைப் பற்றித்தான். அதில் ஒரு பிழைகூட இல்லை என்று தர்ஷினி சான்றிதழ் கொடுத்தாள்.

அந்த வருஷம் மழை நாளில் ஒரு மதியம் போன் வந்தது. தர்ஷினி கத்திக்கொண்டிருந்தாள், பின்னால் தண்ணீர் இரைகிற சத்தம். "கம்பி பக்கத்துல நிக்கறேன் வனஜாம்மா! ஓடுது! சுவர் வழியா நேரா ஓடுது! வீட்டு வாசப்படிகூட நனையல!" வனஜா "ம்" என்றார். பிறகு போனை ரங்கநாதனின் காதில் வைத்து அவரையும் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

குடியிருப்பின் பெயர் போடாமல்தான் எழுதினார். ஆனாலும் செய்தி காதோடு காதாகப் பரவிவிட்டது. வீடோ மனையோ வாங்கப் போகிறவர்கள் சர்வே நம்பரோடு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமையை வனஜா அதற்கென்று ஒதுக்கினார். வாங்கு, வாங்காதே என்று யாருக்கும் சொல்ல மாட்டார். அந்த ஊர் ஷீட்டை வாங்கி வந்து, ஏரி எங்கே, வழி எங்கே என்று மட்டும் காட்டுவார். ஏரிகளுக்கு நீலம் தீட்டுகிற பொறுப்பு ரங்கநாதனுக்கு. கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டுவதற்கு அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

2008-இல் ஹரிஷின் தம்பி வேலை கிடைத்துப் பெங்களூர் வந்து, ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு மனை பார்த்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஹரிஷ் அவனைக் கையோடு ஜீவனஹள்ளிக்கு அழைத்து வந்துவிட்டான். வனஜா அந்த ஊர் ஷீட்டை விரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை மெதுவாகக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டு போனார். விரல் மனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்றது.

"மேட்டு நிலம்" என்றார் வனஜா. "தண்ணிக்கு இங்க வேலையே இல்ல. நீங்க காபி சாப்பிடுங்க."